நெஞ்சு வலி என்று நான் சொன்ன நாள்

தம்பி பெண்சாதி அந்தச் சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து என் கட்டிலுக்கு அடியில் தள்ளியபோது காலை பதினோரு மணி இருக்கும். காவேரித் தண்ணீர் விட்ட நாள். குடம், பக்கெட்டு, டிரம் எல்லாம் பிடித்து வைத்துவிட்டு அப்போதுதான் உட்கார்ந்திருந்தேன். மூட்டைக்குள் இருந்தது பூச்சி மருந்து, நாலு பாட்டில். என் தம்பி அதை எடுத்துத் தன் உயிரை முடித்துக்கொள்வானோ என்று பயந்து, ஓசூருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி நான் இருக்கிற நீலசந்திரா வரைக்கும் அதைச் சுமந்துகொண்டு வந்திருந்தாள். இதை இப்போது ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு எனக்கு இதில் பாதிகூடத் தெரியாது. தெரிந்த பாதியையும் தப்பாகத் தெரிந்துவைத்திருந்தேன்.

அவள் எப்போது வந்தாலும் வெறுங்கையோடு வரமாட்டாள். அவரைக்காய், தக்காளி, ஒரு படி ராகி மாவு, ஏதாவது இருக்கும். அதனால் மூட்டையைப் பார்த்ததும் ராகி என்றுதான் நினைத்தேன்.

"எதுக்கும்மா இவ்ளோ? ஒருத்தி நான், எத்தன நாளைக்குத் தின்பேன்?"

"ராகி இல்ல அண்ணி. பிரிக்காதீங்க. அப்படியே கெடக்கட்டும்."

"என் கட்டிலுக்கடியில கெடக்கறது என்னன்னு எனக்குத் தெரிய வேணாமா?"

"ஒண்ணும் கேக்காதீங்க அண்ணி. யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. அவரே வந்து கேட்டாலும்."

எனக்குச் சுருக்கென்றது. என் தம்பி என்னைவிடப் பத்து வயது இளையவன். அம்மா போனபோது அவன் இடுப்புப் பிள்ளை. அவனுக்குச் சோறு ஊட்டியவள் நான், அவனுக்குப் பெண் பார்த்து இவளைக் கொண்டுவந்தவளும் நான். "என் தம்பி பொருள என் தம்பிக்கே குடுக்காதேன்னு எனக்குச் சொல்றியா நீ?" என்று கேட்டேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். நான் காபி போட எழுந்துபோனேன். யாராவது அழுதால் காபி போடுவது என் பழக்கம்.

காபியை ஆற்றிக் குடிக்கும்போதுதான் கொஞ்சம் பேசினாள். "அவருக்கு மனசு சரியில்ல அண்ணி. தக்காளியப் பறிக்கவே இல்ல. எல்லாம் செடியிலேயே பழுத்து, கீழ கொட்டி, போன வாரம் நானே மாட்ட அவுத்து உள்ள விட்டு மேச்சுட்டேன்."

"வெல இல்லையா?"

"இருந்திச்சி. நல்ல வெல."

"நோவு விழுந்திச்சா செடியில?"

"இல்ல அண்ணி. இந்த மாதிரி காய்ப்பு நாலஞ்சு வருசத்துல பாக்கல."

"அப்புறம் என்னதான் கேடு அவனுக்கு?"

"அதான் மனசு சரியில்லங்கறேன்."

மனசு சரியில்லை என்பது எங்கள் தெருவில் ஒரு நாளைக்குப் பத்து தடவை காதில் விழுகிற பேச்சு. கேஸ் தீர்ந்தால் மனசு சரியில்லை, மருமகள் முகத்தைத் திருப்பினால் மனசு சரியில்லை. அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தாள் என்று நினைத்துக்கொண்டேன். சாப்பிடச் சொன்னதற்கு மாடு கட்டினபடி இருக்கிறது என்று சொல்லி ஒன்றரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள். படியில் இறங்கும்போது இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். என்னைப் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கட்டிலைப் பார்த்திருக்கிறாள்.

நான் இந்த ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் முப்பத்தியொரு வருஷம் ஆயாவாக இருந்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், ஆனால் ஆளைப் படிப்பேன். வார்டுக்குள் ஒருத்தரைத் தள்ளிக்கொண்டு வரும்போதே காமாலையா, டைபாய்டா, சர்க்கரையா என்று சொல்லிவிடுவேன். புதிதாக வந்த சின்ன டாக்டர்கள் என்னிடம், "என்ன ஆயா, இவருக்கு என்ன?" என்று விளையாட்டாகக் கேட்பார்கள். நான் சொல்வேன், அவர்கள் சிரிப்பார்கள், ரத்தப் பரிசோதனை வந்ததும் சிரிப்பை நிறுத்துவார்கள். இன்றைக்கும் எங்கள் சந்தில் ஒரு குழந்தைக்கு உடம்பு சுட்டால் முதலில் என்னிடம்தான் தூக்கிவருவார்கள். இதைப் பெருமைக்குச் சொல்கிறேன் என்று யாராவது நினைத்தால் ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பெருமையால்தான் தப்பு நடந்தது, அதனால் சொல்லாமலும் முடியாது.

மூட்டை வந்த நாலாம் நாள் வீட்டுக்கார அம்மா மேலே ஏறி வந்தார். கீழ் வீட்டில் இருக்கிறார், கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். மூக்கைப் புடவையால் மூடியிருந்தார்.

"ஏன்ம்மா, ஏனோ வாசனை வருது உங்க வீட்லேருந்து. மூட்டைப்பூச்சி கீச்சி வந்துடுச்சா?"

"என் வீட்லயா? மூட்டைப்பூச்சியா?" எனக்கு வந்த கோபத்தில் கட்டில் விரிப்பைத் தூக்கி, தலையணை உறையை உருவிக் காட்டினேன். "பாருங்க, நல்லாப் பாருங்க. ஆஸ்பத்திரில வேல செஞ்சவ வீட்ல மூட்டைப்பூச்சியைத் தேடுறீங்களே!"

"கோபிஸ்கோபேடிம்மா. கோவிச்சுக்காதீங்க. வாசனை வருதே, அதான் கேட்டேன்."

அவர் சொன்னது நிஜம். வாசனை வந்துகொண்டுதான் இருந்தது. அவர் போன பிறகு மூட்டையை இழுத்துப் பிரித்தேன். பழைய வேட்டி, அதற்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் நாலு பாட்டில். ஒன்று பாதி, மற்ற மூன்றும் மூடி திறக்காதவை.

பார்த்ததும் எனக்கு என்ன தோன்ற வேண்டும்? இன்றைக்கு யோசித்தால் ஒன்றே ஒன்றுதான் தோன்றியிருக்க வேண்டும். ஆனால் எங்கள் வீடுகளில் பூச்சி மருந்துக்கு என்று தனியிடம் எப்போதும் இருந்ததில்லை. அரிசி டின் பக்கத்தில் இருக்கும், சாமி படத்துப் பலகைக்குக் கீழே இருக்கும், உரமூட்டை மேல் இருக்கும். மண்வெட்டி மாதிரி அதுவும் ஒரு சாமான். மண்வெட்டியைப் பார்த்து யாரும் பயப்படுவதில்லை. என் புத்தி வேறு பக்கம் ஓடியது. ஓசூர்ப் பக்கமெல்லாம் நிலத்தை வீட்டு மனையாக லேஅவுட் போட்டு விற்கிறார்கள். இவளுக்கும் அந்த ஆசை வந்திருக்கிறது, அவன் பயிர் வைக்க முடியாதபடி மருந்தை எடுத்து ஒளித்து வைக்கிறாள், கேட்டால் மனசு சரியில்லை என்று அழுகிறாள். இப்படி ஒரு கதையைக் கட்டி, அதை நம்பவும் நம்பி, பாட்டில்களைத் திரும்பக் கட்டி வைத்தேன். தலைவலி வந்ததுதான் மிச்சம்.

தம்பி வந்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. சொல்லாமல் வந்தான். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். வாசற்படியில் நிழல் விழுந்தது, நிமிர்ந்தால் இவன். முகத்தில் நாலைந்து நாள் தாடி. அவன் தாடி வைக்கிற ஆள் இல்லை. வயலுக்குப் போவதற்கே சவரம் செய்துகொண்டு போவான், ஊரில் அவனை அதற்குக் கேலி பண்ணுவார்கள்.

"உள்ள வாடா. என்ன இப்படி நிக்கற?"

வந்து உட்கார்ந்தான். செருப்பைக் கழற்ற மறந்துவிட்டான். என் வீட்டுக்குள் செருப்போடு யாரும் வந்ததில்லை.  

கண் இமையை இழுத்துப் பார்த்தேன். மஞ்சள் இல்லை. நாக்கை நீட்டச் சொன்னேன், நீட்டினான், வெள்ளை இல்லை. நகத்தை அழுத்தி விட்டேன், ரத்தம் திரும்பி வந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. கால் வீங்கவில்லை. உடம்பில் எனக்குத் தெரிந்த இடத்தையெல்லாம் பார்த்துவிட்டேன். ஒன்றும் இல்லை. ஆனால் அவன் அங்கே உட்கார்ந்திருக்கிற மாதிரியும் இல்லை. இது எந்த வார்டு என்று எனக்குப் புரியவில்லை.

"சாப்ட்றியா?"

"ம்."

"தூங்கறியா?"

"தூக்கம் வரலக்கா."

"எவ்ளோ நாளா?"

"தெரியல."

சோறு போட்டேன். கீரைக்குழம்பு அவனுக்கு உயிர். பிசைந்தான், பிசைந்துகொண்டே இருந்தான். நாலு வாய் போயிருக்கும். பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"அவ இங்க ஒரு மூட்ட வெச்சிட்டுப் போனாளாக்கா?"

"வெச்சா."

"அத எடுத்துக் குடு."

"எதுக்குடா இப்ப?"

"காய்ப்புழு விழுந்திடிச்சி. அடிக்கணும்."

அவ்வளவுதான் அவன் சொன்னது. நான் எழுந்துபோய், குனிந்து, மூட்டையை இழுத்தேன். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பார், இவன் பயிரைப் பற்றிப் பேசுகிறான், இவனுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் அவள் கட்டிய கதை. சாக்கு கிழிந்திருந்தது என்று நல்ல கித்தான் பை ஒன்றை எடுத்து அதில் பாட்டில்களை நிற்க வைத்து, சாயாமல் இருக்கப் பழந்துணியைச் செருகினேன். "பொண்டாட்டி பேச்சக் கேட்டு நெலத்த வித்துடாதடா," என்று புத்தியும் சொன்னேன். அவன் என்னைப் பார்த்தான். நான் என்ன பேசுகிறேன் என்று அவனுக்குப் புரியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒருவர் பேசியது மற்றவருக்குப் புரியவில்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் நானே போனேன். பையை நானே தூக்கிக்கொண்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் அந்தக் கையைக் கழுவத் தோன்றுகிறது. மடிவாளா போகிற பஸ் வந்தது, அங்கே இறங்கி ஓசூர் பஸ் பிடிப்பான். ஏறும்போது, "நீ நல்லா இருக்கா," என்றான். கேள்வியா, வாழ்த்தா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் பேசிக்கொள்கிற வழக்கம் கிடையாது. பஸ் போய்விட்டது.

நேராக வீட்டுக்கு வரவில்லை. கடையில் உப்பு வாங்கினேன், அங்கே ஒருத்தி வாயைப் பிடுங்கினாள், அரை மணிக்கு மேல் ஆயிற்று. கேட்டைத் திறந்தால் வீட்டுக்கார அம்மா கோலமாவு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இனிமே வாசனை வராது," என்றேன். "தம்பி வந்து எடுத்துட்டுப் போய்ட்டான்."

"என்னம்மா அது?"

"பூச்சி மருந்து. பயிருக்கு அடிக்கணுமாம்."

"என்ன பயிர் போட்டிருக்காரு?"

"தக்காளி," என்று சொன்னேன். சொன்ன வாயை மூட முடியவில்லை.

தக்காளிதான் இல்லையே. பறிக்கவே இல்லை, கொட்டிப்போயிற்று, மாட்டை விட்டு மேய்த்துவிட்டேன் என்று அவள் சொன்னாளே. மாடு மேய்ந்த கொல்லையில் எந்தக் காய்க்கு எந்தப் புழு? இல்லாத பயிருக்கு இவன் எதற்காக இவ்வளவு தூரம் வந்து மருந்து வாங்கிப்போகிறான்? விவசாயக் குடியில் பிறந்தவள் நான், இந்தக் கேள்வியைக் கட்டிலடியில் குனியும்போதே கேட்டிருக்க வேண்டும். மனசு சரியில்ல, அவரே வந்து கேட்டாலும் குடுக்காதீங்க, நீ நல்லா இருக்கா. ஒவ்வொன்றாக வந்து மண்டையில் உட்கார்ந்தது. கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏனாயித்தும்மா? என்ன ஆச்சு?" என்று வீட்டுக்கார அம்மா என் தோளைப் பிடித்தார். நான் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியாது. அவர் உடனே புரிந்துகொண்டார். எனக்குப் பத்து நாளாகப் புரியாதது அவருக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்தது. "போன் மாடி," என்றார். "மொதல்ல போன் பண்ணுங்க. பேசிட்டே இருங்க."

என் போன் பொத்தான் போன். இரண்டை அழுத்திப் பிடித்தால் தம்பிக்குப் போகும். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது, எடுக்கவில்லை. மூன்றாவது தடவை எடுத்தான். ஒரே ஹாரன் சத்தம்.

"எங்கடா இருக்க?"

"சில்க் போர்டு. ஓசூர் பஸ் ஏறிட்டேன். டிராபிக்கு."

சில்க் போர்டு சந்திப்பு டிராபிக்கை இந்த ஊரே திட்டும். நான் திட்டமாட்டேன்.

திரும்பி வா என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பானே, என்ன சொல்வது? தெரிந்துபோயிற்று என்று சொன்னால் என்ன செய்வானோ. பையைக் கீழே போடு என்று சொல்வதா? திட்டுவதா, கெஞ்சுவதா? எதுவும் தெரியவில்லை. தெரியாத வாயில் தானாக வந்தது இது:

"டேய், எனக்கு நெஞ்சு வலிக்குதுடா."

எழுபது வயது தாண்டி இரண்டு வருஷம் ஆயிற்று. எனக்கு உடம்பு சரியில்லை என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. ஆபரேஷன் பண்ணிக்கொண்டபோதுகூட மூன்றாம் நாள் எழுந்து என் பக்கெட்டை நானே தூக்கினேன். என் புருஷன் இறந்துபோன அன்றும் வந்தவர்களுக்குக் காபி போட்டது நான்தான். அப்படிப்பட்டவள், வீதி கேட்டைப் பிடித்துக்கொண்டு, "இடது பக்கம் இழுக்குதுடா, கை மரத்துப்போச்சு, நீ வாடா, எனக்கு யாரும் இல்ல," என்று சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்தது. அதில் எது பொய், எது நிஜம் என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

 "படுத்துக்கோ. எந்திரிக்காத. தண்ணி குடிச்சியா? நான் எறங்கிட்டேன்," என்றான். அந்தக் குரல் என் தம்பியின் குரல். காலையிலிருந்து அதுவரைக்கும் என்னிடம் பேசியது வேறு யாரோ.

வைக்காதே, பேசிக்கொண்டே வா என்றேன். ஆட்டோ பிடித்தான். நான் கட்டிலில் படுத்தபடி என்னென்னவோ கேட்டேன். எங்க வந்திருக்க, மழ வர்ற மாதிரி இருக்கா, ஆட்டோக்காரன் மீட்டர் போட்டானா. வீட்டுக்கார அம்மா தன் போனை எடுத்து, என் நோட்டில் இருந்த நம்பரைப் பார்த்துத் தம்பி பெண்சாதிக்கு அடித்தார். நடந்ததை அவரே சொன்னார். அவள் அழவில்லையாம். ஒன்றுதான் கேட்டாளாம்: "அண்ணி அந்தப் பையைக் கையில வாங்கிட்டாங்களா? அத மொதல்ல சொல்லுங்க. நான் கெளம்பிட்டேன்."

படியில் காலடிச் சத்தம் கேட்டபோது வீட்டுக்கார அம்மா விசிறியைக் கையில் எடுத்துக்கொண்டார். அவன் உள்ளே வந்தான், வேர்த்து ஊற்றியிருந்தான். பை கையில் இருந்தது. இந்தத் தடவை செருப்பை வெளியே விட்டிருந்தான்.

"அண்ணா, அந்தப் பை என்ன வாசனை!" என்று வீட்டுக்கார அம்மா அதட்டினார். "அவங்களுக்கு மூச்சு விட ஆகல, இதை வேற உள்ளே கொண்டு வர்றீங்களா? கொடுங்க இங்கே." அவன் கொடுத்துவிட்டான். சின்னப் பிள்ளை பலப்பத்தைக் கொடுக்கிற மாதிரி கொடுத்தான். அவர் அதை எடுத்துக்கொண்டு கீழே போய், கரண்ட் மீட்டர் இருக்கிற அறையில் வைத்துப் பூட்டி, சாவியைத் தாலிக்கொடியில் கோர்த்துக்கொண்டார். பிறகு என்னிடம், "ஆக்டிங் சூப்பர்ம்மா," என்று காதில் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை.

என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகாமல் விடமாட்டேன் என்று நின்றான். நான் வேலை பார்த்த இடம் மூடிப் பல வருஷம் ஆகிறது. இரண்டு தெரு தள்ளி ஒரு கிளினிக். என்னைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நடந்தான். எதிரில் வந்தவர்கள் எல்லாம், "ஆயாவுக்கு என்ன? ஆயாவுக்கு என்ன?" என்று கேட்டார்கள். எனக்கு மானம் போயிற்று. போகட்டும் என்று நடந்தேன்.

டாக்டரம்மா சின்ன வயது. "ஏனாயித்து அஜ்ஜி?" என்றார். அஜ்ஜி, அதாவது பாட்டி என்று கூப்பிட்டால் எனக்குப் பிடிக்காது, அன்றைக்கு விட்டுவிட்டேன். பிரஷர் பார்த்தார், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படம் எடுத்தார். தாளைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணும் இல்லையே. நல்லா ஸ்ட்ராங்கா இருக்கீங்க," என்றார் தமிழில்.

"எனக்கு இல்லம்மா," என்றேன். "இவனுக்கு."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். டாக்டரம்மா நாற்காலியை அவன் பக்கம் நகர்த்திப் போட்டார். தூக்கம், சாப்பாடு, எத்தனை மாதமாக இப்படி என்று கேட்டுக்கொண்டே வந்தார். அப்புறம், பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாக, "செத்துப்போயிடலாம்னு தோணுதா அண்ணா?" என்று கேட்டார்.

 வாயில் வரக்கூடாத வார்த்தை. கேட்டால் வந்துவிடும் என்றுதான் நாங்கள் வளர்ந்தோம். ஏன்ம்மா இப்படிக் கேக்கறே என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"ஆமாம்மா," என்றான் தம்பி. காபிக்குச் சர்க்கரை போடலாமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னான். "கொஞ்ச நாளாத் தோணுது."

சொன்ன பிறகு அவன் தோள் கீழே இறங்கியது. முப்பத்தியொரு வருஷம் ஆளைப் பார்த்தவள், அந்தத் தோள் இத்தனை நேரம் தூக்கிக்கொண்டு இருந்தது என்பதே இறங்கின பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் சொன்னதை என்னிடம் ஏன் சொல்லவில்லை? நான் ஏன் கேட்கவில்லை? நாக்கை நீட்டச் சொன்னேன், நகத்தை அழுத்தினேன், கண்ணை இழுத்தேன். கேட்க வேண்டிய ஒன்றை மட்டும் கேட்கவில்லை.

அன்றைக்கே மனசுக்கு வைத்தியம் பார்க்கிற பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார். அவனைத் தனியாக விடாதீர்கள், ஆபத்தான சாமான் எதுவும் பக்கத்தில் இருக்க வேண்டாம் என்றார். தம்பி பெண்சாதி வந்து சேர்ந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. "குடுத்துட்டேன்ம்மா," என்றேன். "திரும்ப வாங்கிட்டீங்களே அண்ணி," என்றாள். ஊருக்கு வருகிற நர்சம்மா சொல்லித்தான் மருந்தை வீட்டைவிட்டு அகற்றினாளாம். பக்கத்து வீட்டில் வைத்தால் ஊருக்கே தெரிந்துவிடும், அவர் தலை நிமிர்ந்து நடக்க முடியாது என்றுதான் என்னிடம் கொண்டுவந்தாளாம். அதை என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தால் என்ன? சொல்ல விட்டேனா நான்? காபி போடப் போய்விட்டேனே.

அவன் இரண்டு வாரம் என்னோடு இருந்தான், அவளும் இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள், உட்கார்த்திப் பேசினார்கள். வெளியே பெஞ்சில் காத்திருக்கும்போது பார்த்தேன், வந்தவர்களில் பாதிப் பேர் காலில் மண் ஒட்டிய ஆட்கள். கோலார் பக்கம், மாலூர் பக்கம், ராமநகரம் பக்கம். கையில் உரக்கம்பெனிப் பை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தருக்கும் முகத்தில் நோய் தெரியவில்லை.

ஒருநாள் மொட்டைமாடியில் துணி காயப்போடும்போது கேட்டேன்.

"ரெண்டு வருசம் பயிர் போச்சு, அப்பக்கூட நல்லா இருந்தியேடா. நல்லாக் காச்ச வருசத்துல ஏன்டா?"

கொடிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டான். "தெரியலக்கா. பறிக்க ஆள் கூப்புடணும், பெட்டி எடுக்கணும், வண்டி சொல்லணும். ஒவ்வொண்ணா நெனச்சா கை கால் கழண்டு போச்சு. கொல்லையப் பாத்தா செவப்பா இருந்திச்சி. அவ்ளோதான். அது என்னுதுன்னே தோணல."

எனக்குப் புரியவில்லை. டாக்டரிடம் கேட்டேன், காரணம் இருந்துதான் வர வேண்டும் என்று இல்லைம்மா என்றார். அதுவும் புரியவில்லை. காய்ச்சலுக்குக் கொசு இருக்கிறது, காமாலைக்குத் தண்ணீர் இருக்கிறது. இதற்கு என்ன இருக்கிறது? சில நாள் எனக்குத் தோன்றும், இரண்டு கெட்ட வருஷத்தை அவன் மூச்சுப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வந்து, நல்ல வருஷத்தில் இறக்கி வைத்தபோது விழுந்துவிட்டானோ என்று. சில நாள் அதுவும் தப்பு என்று தோன்றும்.

இப்போது ஊரில் பால் சொசைட்டி அறையில் ஓர் இரும்புப் பெட்டி வைத்திருக்கிறார்கள். நர்சம்மாவும் தம்பி பெண்சாதியும் இன்னும் சில பெண்களும் சேர்ந்து வைத்தது. யார் வீட்டிலும் மருந்து இருக்கக் கூடாது, எல்லாம் அங்கே. இரண்டு பூட்டு, இரண்டு வீட்டில் சாவி. அடிக்கிற அன்றைக்கு இரண்டு பேரும் வந்து திறக்க வேண்டும், வேண்டிய அளவு ஊற்றிக்கொண்டு மூட வேண்டும். என் வீட்டில் இருந்த நாலு பாட்டிலும் அங்கேதான் போயிற்று. முதலில் ஆம்பிளைகள் சிரித்தார்களாம். ஊருக்குத் தெரியக் கூடாது என்று என் கட்டிலடியில் ஒளித்தவள், இப்போது அந்த ஊருக்கு நடுவில் நின்று சாவியைத் திருப்புகிறாள். இவளைத்தான் நிலத்தை விற்கப் பார்க்கிறாள் என்று நான் கதை கட்டினேன்.

தம்பி பாதிக் கொல்லையில் கொத்தமல்லி போட்டிருக்கிறான். மீதி சும்மா கிடக்கிறது. நல்லாகிவிட்டானா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. சவரம் பண்ணிக்கொள்கிறான். சில நாள் போனில் நிறையப் பேசுகிறான், சில நாள் ம், ம் என்கிறான். அந்த ம் எப்படிப்பட்ட ம் என்று நான் காதை ஒட்டி வைத்துக் கேட்கிறேன். டாக்டரம்மா கேட்ட கேள்வியை நானும் கேட்கப் பழகிக்கொண்டேன். முதல் தடவை நாக்கு எழவில்லை. இப்போது, "அந்த நெனப்பு வந்திச்சாடா?" என்று கேட்டுவிடுகிறேன். இல்லை என்பான். ஒரு தடவை வந்தது என்றான். அன்றைக்கு அடுத்த பஸ்ஸில் நான் போனேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடாமலே இருக்கிறது. அந்தக் கிளினிக்கில் டாக்டரம்மா தாளைக் காட்டி எனக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னபோது அவனும் பக்கத்தில்தான் இருந்தான். கேட்டிருப்பான். இருந்தும் ஒவ்வொரு தடவை போன் பண்ணும்போதும் முதலில் கேட்பது அதைத்தான். நேற்றும் கேட்டான்.

"நெஞ்சு வலி எப்படி இருக்குதுக்கா?"

தெரிந்து கேட்கிறானா, தெரியாமல் கேட்கிறானா? நான் கேட்டுப் பார்க்கவில்லை.

"இருக்குதுடா," என்றேன். "அப்பப்ப வருது. மாத்திர வாங்க வரும்போது வந்து பாத்துட்டுப் போ."

"செவ்வாக்கெழம வர்றேன்," என்றான். "நீ பக்கெட்டத் தூக்காத."